இத்தாலியின் திராட்சை மலைகளில் அமைதியான சைக்கிள் பாதைகள்: லாங்கேயா, கியாந்தியா?

மெதுமிதி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் ஒரு வாரம் இத்தாலியில் சைக்கிள் ஓட்டலாம் என்று இருக்கிறோம். வேகம், போட்டி எதுவும் கிடையாது. காலையில் கிளம்பி ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி, நடுவில் ஒரு ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். திராட்சைத் தோட்டங்கள் உள்ள மலைப்பகுதி வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை, ஆனால் முதல் நிபந்தனை அமைதி. பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தால் மனைவிக்குக் கை நடுங்கிவிடுகிறது, அதன்பிறகு எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் அவருக்குப் பார்க்கத் தோன்றாது.

தேடிப் பார்த்ததில் டஸ்கனியின் கியாந்தி, பியெமொன்தேயின் லாங்கே இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டையும் எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் எந்தச் சாலையில் கார் வரும், எதில் வராது என்று யாரும் சொல்வதில்லை. ஏற்றம் எவ்வளவு கடினம்? நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம், அதற்கு அங்கே சிரமமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தூரின்வாசி:

வாங்க. நான் தூரினில் வேலை பார்க்கிறேன், விடுமுறை நாளில் வானிலை ஒத்துழைத்தால் சைக்கிளோடு லாங்கேதான். அதனால் என் பதில் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு, அதாவது எந்தச் சாலையில் கார் வரும் என்பதற்கு, லாங்கேயில் ஒரே ஒரு விதிதான்: பள்ளத்தாக்கின் அடியில் போகும் சாலையை விடுங்கள், முகட்டின் மேல் போகும் சாலையைப் பிடியுங்கள். ஆல்பாவிலிருந்து கல்லோ வழியாக பரோலோ பக்கம் போகும் அடிவாரச் சாலையில்தான் லாரி, வேன், வேலைக்குப் போகிறவர்கள், சுற்றுலா பஸ் எல்லாம் ஓடும். ஃபோனில் வழி கேட்டால் தட்டையாக இருக்கிறதே என்று அதையே காட்டிவிடும், நம்பாதீர்கள். மேலே ஏறிவிட்டால் உலகமே வேறு. பழைய ஊர்களும் கோட்டைகளும் முகடுகளில்தான் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் சிறிய சாலைகளில் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் வருவார்கள்.

நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பரோலோ பக்கத்து முகடுகள் சீப்பின் பற்களைப் போல அநேகமாக வடக்கு தெற்காக, பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரு காலத்தில் ப்ராவைத் தாண்டி நேராக வடக்கே ஓடிக்கொண்டிருந்த தானரோ ஆறு கிழக்கே திரும்பியது, அதற்குப் பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்குகள் இவ்வளவு ஆழமாக அரிக்கப்பட்டன என்கிறார்கள். நமக்கு இதில் என்ன பாடம் என்றால், ஒரே முகட்டில் போனால் மெதுவான ஏற்றம், குறுக்கே அடுத்த முகட்டுக்குப் போக நினைத்தால் 200 மீட்டர் இறங்கி மறுபடி 200 மீட்டர் ஏற வேண்டும். வரைபடத்தில் இரண்டு ஊருக்கு நடுவே மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும், காலுக்கு அது வேறு கணக்கு. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை மட்டும் குறுக்கே போகிற மாதிரி திட்டமிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்தும் ஒரு வட்டம் சொல்கிறேன். ஆல்பாவிலிருந்து (அது 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது) க்ரின்சானே கவூர் வழியாகப் போய் செர்ரலுங்காவுக்கு ஏறுங்கள். அந்த முகடு ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் தோட்டம் சரிந்து இறங்கும், ஊருக்கு நடுவில் ஒல்லியாக உயர்ந்த ஒரு கோட்டை நிற்கும். அங்கிருந்து தெற்கே அதே முகட்டில் ஏறிக்கொண்டே போய், மேற்கே திரும்பி மோன்ஃபோர்த்தே. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம். பிறகு பரோலோவுக்கு இறங்கி, லா மோர்ராவுக்கு ஏற வேண்டும்: பரோலோ சுமார் 300 மீட்டர், லா மோர்ரா 500 மீட்டரைத் தாண்டும். அன்றைய கடைசிப் பெரிய ஏற்றம் அதுதான். அதன்பின் வெர்தூனோ, ரோத்தி வழியாக ஆல்பாவுக்கு இறக்கம். மொத்தம் ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் வரும், ஏற்றம் கூட்டினால் ஆயிரம் மீட்டரை நெருங்கும். முழு நாள் எடுத்துக்கொண்டால் தாராளமாக முடியும்.

லா மோர்ராவில் இரண்டு இடத்தில் நின்றே ஆக வேண்டும். ஒன்று, ப்ருனாத்தே தோட்டத்துக்குள் இருக்கும் சின்னக் கட்டடம். 1914ல் தோட்ட வேலையாட்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது, வழிபாடு நடந்ததே இல்லை, இருந்தாலும் தேவாலயம் என்றுதான் சொல்வார்கள். சால் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரண்டு ஓவியர்கள் 1999ல் அதற்கு வண்ணம் தீட்டினார்கள். பச்சைக்கு நடுவில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, தூரத்திலேயே தெரியும். இன்னொன்று மொன்ஃபல்லெத்தோ மேட்டில் இருக்கும் தேவதாரு மரம், 1856ல் நட்டது. எந்த முகட்டில் நின்று பார்த்தாலும் அந்தக் குடை தெரியும், வழி தெரியாமல் போனால் அதை வைத்தே திசை சொல்லிவிடலாம்.

நீங்கள் வரும் சமயம் நெபியோலோ என்ற திராட்சையின் அறுவடை தொடங்கும். மேலே சாலையில் டிராக்டர்கள் வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும், ஒதுங்கி நின்றால் கை காட்டிவிட்டுப் போவார்கள், மனைவிக்குப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது சேற்றுக்குத்தான். இந்த மண் சுண்ணாம்பு கலந்த களிமண். மழை பெய்த மறுநாள் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய மண் தார்ச்சாலையில் அப்பிக்கொண்டு கிடக்கும், வளைவில் அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கிவிடும். தோட்ட வாசல் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பெருமழைக்குப் பின் சின்னச் சாலைகளில் மண் சரிந்து தடுப்பு வைத்திருப்பதும் உண்டு, அதனால் கையில் மாற்று வழி ஒன்று இருக்கட்டும்.

அப்புறம் அக்டோபர் வந்துவிட்டால் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான்) சந்தை தொடங்கிவிடும். வாரக்கடைசியில் கூட்டம், பார்க்கிங் தேடும் கார்கள், அறை வாடகை எகிறும். செப்டம்பரிலேயே வந்துவிட்டுப் போவது நல்லது.

செம்மண்சக்கரம்:

தூரின்வாசி சொன்னது எல்லாம் சரி, ஆனால் கியாந்தியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அங்கே சத்தம் என்று சொல்கிறவர்கள் ஃப்ளாரன்ஸிலிருந்து சியேனாவுக்குப் போகும் கியாந்திஜானா நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் பறக்கும், உண்மைதான். அதை விட்டு இறங்கி வெள்ளை மண் சாலைகளுக்குள் போய்விட்டால் அரை மணி நேரத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம். வந்தாலும் புழுதி கிளம்பும் என்று மெதுவாகத்தான் வருவார்கள்.

அந்த மண் சாலைகளுக்கெல்லாம் தார் போட்டுவிடுவார்களோ என்ற கவலையில்தான் 1997ல் கையோலே என்ற கியாந்தி ஊரில் லெரோய்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. 1987க்கு முந்தைய சைக்கிள்களில் மட்டும் ஓட்டுவார்கள், கியர் மாற்றும் நெம்பு ஃப்ரேமில் இருக்க வேண்டும். அன்றைக்குச் சில பத்துப் பேர் ஓட்டியது, இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 2007ல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே பந்தயமும் அதன் தொடர்ச்சிதான், சியேனாவின் காம்போ சதுக்கத்தில் முடியும் அது. நமக்கு இதில் லாபம், 209 கிலோமீட்டர் லெரோய்கா வட்டம் நிரந்தரமாகவே பலகை வைத்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. எந்த நாளிலும் போய், வேண்டிய துண்டை மட்டும் ஓட்டலாம். கையோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் மண் சாலை, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரம், அதற்காகவே போகலாம்.

இன்னொன்று, கியாந்தியில் பாதிக்கு மேல் காடு, ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும். நிழல் இருக்கும். லாங்கேயில் திராட்சைக் கொடி முழங்காலுக்குக்கூட நிழல் தராது.

மெதுமிதி:

இரண்டு பேருக்கும் நன்றி. முகட்டுச் சாலை விஷயத்தை யாருமே இப்படி விளக்கியதில்லை. மண் சாலை படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் மனைவிக்கு மணிக்கட்டில் பழைய அடி ஒன்று உண்டு, ஒரு வாரம் அதிர்வைத் தாங்குவாரா என்று தெரியவில்லை. அதனால் லாங்கே பக்கம் சாய்கிறோம்.

சில சந்தேகங்கள். எங்கள் சைக்கிளையே கொண்டுவரலாமா, வாடகைக்கு எடுப்பதா? என்ன கியர் வேண்டும்? மதியம் ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு ஓட்டினால் பிரச்சினையா? தூரினிலிருந்து ஆல்பாவுக்கு ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

தூரின்வாசி:

ஏற்றலாம். தூரினிலிருந்து ப்ரா வழியாக ஆல்பாவுக்கு நேரடி வட்டார ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். வட்டார ரயில்களில் சைக்கிள் படம் ஒட்டிய பெட்டியைப் பார்த்து ஏறுங்கள், சைக்கிளுக்குத் தனிச் சீட்டு, பொதுவாக 3.50 யூரோ. மிலானிலிருந்து அதிவேக ரயிலில் வருவதாக இருந்தால் சைக்கிளைக் கழற்றிப் பையில் போட்டிருக்க வேண்டும்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 34 பல், இது இருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே ஏறலாம். இங்கே ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் நடுநடுவே திடீரென்று பத்து சதவீதத்துக்கு மேல் நிமிரும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 32 என்றால் மணிக்கட்டுக்கும் நல்லது. மனைவிக்கு மோட்டார் வைத்த சைக்கிளை வாடகைக்கு எடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள், ஆல்பாவிலும் லா மோர்ரா பக்கமும் கிடைக்கும். ஐரோப்பிய விதிப்படி 250 வாட், மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உதவி நின்றுவிடும். ஏற்றத்தில் மூச்சு வாங்காததால் பின்னால் என்ன வருகிறது என்று நிதானமாகக் கவனிக்க முடியும், பயப்படுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒயின்: வாகனம் ஓட்டுகிறவர்களுக்கான லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், பரோலோ ஊர் ஒயினில் சாதாரணமாகவே 14 சதவீதம் ஆல்கஹால், மதிய வெயிலில் அதைக் குடித்துவிட்டு வளைவில் இறங்குவது நல்லதில்லை. மதியம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புங்கள், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாயங்காலம் சைக்கிளைப் பூட்டிவிட்டு நிதானமாகக் குடியுங்கள். குறைந்தது 38 மாதம் பழக வைத்த பிறகுதான் அதை பரோலோ என்று விற்கவே முடியும், அதை அவசரமாகக் குடிப்பானேன்!

சாலை விதி இரண்டு. ஊருக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டக்கூடாது, ஒருவர் பின் ஒருவர்தான். சுரங்கப் பாதைக்குள்ளும், ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும், ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டப்படி, சாலை இடம் கொடுக்கும்போது, சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும்.

நிலாமுற்றம்:

சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் லாங்கேயில் கவலையே வேண்டாம். தாயரின் என்று மெல்லிய நூடுல்ஸ், மாவில் முட்டையின் மஞ்சள் கரு மட்டும் தாராளமாகப் போட்டுப் பிசைவார்கள், தட்டில் பார்த்தாலே தங்க நிறம். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வழக்கமாக அதோடு இறைச்சிக் குழம்பு வரும், அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ப்ளின் என்று சின்னச் சின்னதாகக் கிள்ளி மூடிய பாஸ்தா வரும், உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான். பாஞ்ஞா காவ்தா என்று காய்கறியைத் தொட்டுக்கொள்ளச் சூடாக ஒரு குழம்பு தருவார்கள், காய்கறிதானே என்று எடுத்துவிடாதீர்கள், அதில் நெத்திலி மீன் கரைந்திருக்கும். ரிசோத்தோ என்ற அரிசி உணவு என்றால் எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேளுங்கள். ஹேசல்நட் கேக் மட்டும் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம், அந்தக் கொட்டை அங்கேயே விளைவது.

நேரம்தான் முக்கியம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை, அதற்குப் பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரைக்கு முன் திறக்க மாட்டார்கள். மளிகைக் கடையும் மதியம் மூன்று மணி நேரம் மூடிக்கிடக்கும். சின்ன ஊர்களில் வாரத்தில் ஒரு நாள் உணவகமே விடுமுறை, எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். அதனால் பையில் எப்போதும் ரொட்டியும் ஒரு பாலாடைக்கட்டியும் இருக்கட்டும். தண்ணீருக்குக் கவலையில்லை, நிறைய ஊர்ச் சதுக்கங்களில் குழாய் உண்டு, "நோன் பொத்தாபிலே" (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் பிடிக்காதீர்கள்.

மெதுமிதி, உங்கள் மனைவிக்காக ஒன்று. எனக்கும் பின்னால் வரும் வண்டி என்றால் அதே நடுக்கம்தான் இருந்தது. கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியதும் பாதி குறைந்தது, ஏனென்றால் சத்தம் வருவதற்கு முன்பே என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் கண்ணாடி இடது முனையில் இருக்க வேண்டும். இன்னொன்று, அவரை முன்னால் ஓட்டவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். முந்தும் வண்டி முதலில் உங்களைத்தான் தாண்டும்.

முதல் நாளே பரோலோ பக்கம் போக வேண்டாம் என்பது என் எண்ணம். ஆல்பாவிலிருந்து பர்பரெஸ்கோ, நெய்வே, த்ரேய்சோ, திரும்ப ஆல்பா என்று ஒரு சின்ன வட்டம் உண்டு, ஏற்றமும் குறைவு, கூட்டமும் குறைவு. த்ரேய்சோவுக்குப் பக்கத்தில் தோட்டம் சட்டென்று முடிந்து, ஒரு பெரிய மண் பிளவு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், கீழே முழுக்கக் காடு. சாலை ஓரத்திலேயே நின்று பார்க்கலாம்.

பழையசக்கரம்:

தம்பி, அமைதிதான் முதல் நிபந்தனை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். பரோலோவும் பர்பரெஸ்கோவும் உலகத்துக்கே தெரிந்துவிட்ட ஊர்கள், 2014ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. முகட்டுச் சாலையிலும் சனி ஞாயிறு வாடகைக் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு நாட்களுக்கு மேலே ஆல்தா லாங்கா போய்விடுங்கள். மோன்ஃபோர்த்தேயைத் தாண்டித் தெற்கே ஏற ஏற திராட்சை குறையும், ஹேசல்நட் தோப்பு வரும், அதன்பின் காடும் மேய்ச்சல் நிலமும். பொஸ்ஸோலாஸ்கோவில் தெரு முழுக்க வீட்டுச் சுவர்களில் ரோஜாக்கொடி ஏறியிருக்கும். அங்கிருந்து முராத்சானோ வரை உயரத்திலேயே போகும் சாலையில், வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஆல்ப்ஸ் மலை வரிசை முழுவதும் தெரியும், மொன்விசோ சிகரம் தனியாகக் கூர்மையாக நிற்கும். மொம்பர்காரோ கிட்டத்தட்ட 900 மீட்டர், லாங்கேயிலேயே உயரமான ஊர் அதுதான். காலையில் தானரோ பள்ளத்தாக்கு மூடுபனியில் மூழ்கியிருக்கும் நாட்களில் இங்கே மேலே வெயிலடிக்கும்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தோர்த்தோனா பக்கம் போய்வாருங்கள். சைக்கிள் பந்தய வீரர் ஃபாவ்ஸ்தோ கோப்பி பிறந்த கஸ்தெல்லானியா அங்கே மலைமேல் இருக்கிறது. 1919ல் பிறந்தவர், இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை ஐந்து முறையும் பிரான்ஸின் தூர் பந்தயத்தை இரண்டு முறையும் வென்றவர், 1960 ஜனவரியில் மலேரியாவில் நாற்பது வயதில் போய்விட்டார். அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது ஊரின் பெயரையே கஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிவிட்டார்கள். அவர் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், சின்ன வீடு. அவரும் தம்பி செர்ஸேவும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். செர்ஸேவும் பந்தய வீரர், 1951ல் ஒரு பந்தயத்தில் விழுந்து இறந்தவர். அந்த மலைகளிலும் திராட்சைதான், திமொராஸ்ஸோ என்ற வெள்ளை ஒயின், சில பத்தாண்டுகளுக்கு முன் அழிந்தே போயிருக்க வேண்டியது, விவசாயிகள் சிலர் பிடிவாதமாக மீட்டார்கள். சாலைகளில் ஆளே இருக்காது. சைக்கிள் ஓட்டுகிற யாரும் ஒருமுறை அந்த ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

மெதுமிதி:

ஐயா, கோப்பி ஊர் இவ்வளவு பக்கம் என்று தெரியாது, கட்டாயம் போகிறோம். நிலா அக்கா, கண்ணாடியை இன்றே வாங்கிவிட்டோம், நீங்கள் எழுதியதை மனைவி இரண்டு தடவை படித்தார். இப்போதைக்குத் திட்டம் இது: முதல் நாள் பர்பரெஸ்கோ வட்டம், வார நாட்களில் செர்ரலுங்கா, மோன்ஃபோர்த்தே, லா மோர்ரா, சனி ஞாயிறு ஆல்தா லாங்காவில் தங்கல், கடைசியில் தோர்த்தோனா. ஒரே ஒரு கேள்வி, என் சைக்கிளை மட்டும் கொண்டுவருகிறேன், அதை அடைத்துவரும் பெரிய பெட்டியை வாரம் முழுக்க எங்கே வைப்பது?

தூரின்வாசி:

முதல் இரவும் ஆல்தா லாங்காவிலிருந்து இறங்கிவரும் இரவும் ஆல்பாவில் ஒரே விடுதியில் எடுங்கள், பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். சைக்கிள்காரர்கள் நிறைய வரும் ஊர், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தோர்த்தோனாவுக்கு ஆல்பாவிலிருந்து ஆஸ்தி, அலெஸ்ஸாந்த்ரியா வழியாக வட்டார ரயிலிலேயே போய்விடலாம், அன்றைக்குப் பெட்டி வேண்டாம், சைக்கிளை அப்படியே ஏற்றிக்கொள்ளுங்கள். காலை வண்டியைப் பிடித்தால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.